ஹெரால்டின் கணுக்கால்

"இன்ஜின் கேடிஎம்மோடது. ஹப் மாருதி 800. ஸ்டியரிங் ரேக் நானோ. பிரேக் காலிப்பர் ஏதோ பைக்கோடது. சரி, இதுல உங்களோடது எது?"

2018 ஜனவரியில், கோவையில் நடந்த ஒரு மாணவர் பந்தயக் கார் போட்டியில், வடிவமைப்பு நடுவர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. கேலியாகக் கேட்கவில்லை. பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு, குனிந்து வண்டியின் வயிற்றைப் பார்த்தபடி, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு பேர், ஏழு மாதம், வீட்டுக்குத் தெரியாமல் கட்டிய செமஸ்டர் அரியர்கள். இத்தனைக்கும் சேர்த்து அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "ஃப்ரேம் நாங்க வெல்ட் பண்ணது சார்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அந்தக் கேள்வி பல வருடங்கள் கூடவே வந்தது. பிறகு ஒருநாள், பெருங்களத்தூரில் ஒரு லேத் பட்டறையில், பில் காகிதங்கள் பறக்காமல் இருக்க மேலே வைத்திருந்த ஒரு இரும்புத் துண்டைப் பார்த்ததிலிருந்து அதற்கு வேறொரு கோணம் கிடைத்தது. அந்த இரும்பைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். எழுத ஆரம்பித்தால் அது தாம்பரத்தைவிட்டு எங்கெங்கோ போகிறது.

பட்டறை ஏற்கெனவே பழக்கமானதுதான். எங்கள் வண்டிக்கு ஹப் அடாப்டர் கடைந்துகொடுத்தவர் அந்தப் பெரியவர். எழுபது வயதைத் தாண்டியவர். மூன்று தாடை சக்கில் வேலையைப் பிடித்து, சாக்பீஸைப் பக்கத்தில் காட்டி, எவ்வளவு ஓட்டம் இருக்கிறது என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார். பிறகு டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ அதேதான் இருக்கும். படித்து முடித்து, வேலைக்குப் போய், ஒரு சனிக்கிழமை சும்மா எட்டிப் பார்த்தபோதுதான் அந்த இரும்பு கண்ணில் பட்டது. ஒரு சாண் நீளம். ஒரு முனையில் பந்து மூட்டு உட்காரும் இடம், இன்னொரு முனையில் மரைபோட்ட பித்தளை டிரன்னியன், நடுவில் ஆக்சில் நுழையும் துளை.

"இது எந்த வண்டிதுன்னு தெரியுதா?"

"தெரியலையே."

"இஞ்சினீரிங் படிச்சியே! ஹெரால்டு. நம்ம வண்டலூர் வண்டி. முன் சக்கரத்த தாங்குற கணுக்கால்."

பொறியியலில் அதற்கு அப்ரைட் என்று பேர். சஸ்பென்ஷனின் கைகள் ஒரு பக்கம், சக்கரம் மறுபக்கம், இரண்டையும் பிடித்துக்கொண்டு திரும்பவும் விடுகிற உறுப்பு. கணுக்கால் என்று அவர் சொன்னதுதான் சரியான சொல்.

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போகிறவர்களுக்கு இன்று பெருங்களத்தூரில் ஸ்ரீராம் கேட்வே என்கிற கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஐடி கம்பெனி பேருந்துகள் அங்கிருந்து வெளியே வந்து மொத்தச் சாலையையும் நிறுத்திவைக்கும். அந்த இடத்தில் ஒரு காலத்தில் கார் தொழிற்சாலை இருந்தது. 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்ட் நிறுவனத்தோடு கைகோத்து, முதலில் வான்கார்ட், பிறகு ஸ்டாண்டர்ட் டென் என்று வண்டிகளைப் பூட்டி வெளியே அனுப்பியது. 1961 முதல் ஹெரால்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரையே 1963இல் கைவிட்டுவிட்டார்கள். அந்தப் பெயர் இன்னொரு கால் நூற்றாண்டு உயிரோடு இருந்தது வண்டலூரில் மட்டும்தான்.

என் தலைமுறைக்கு ஹெரால்டு என்றால் பழைய சினிமாவில் கதாநாயகி ஓட்டிக்கொண்டு வரும் சின்ன கார். அதைக் கட்டிய விதம் பற்றி யாரும் பேசுவதில்லை. அதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு வந்தபோது மற்ற நிறுவனங்கள் எல்லாம் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகவே இருக்கும் கட்டுமானத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்ட்–டிரையம்புக்கு உடல் அடித்துக் கொடுத்துவந்த நிறுவனத்தைப் போட்டியாளரான பிஎம்சி 1953இல் வாங்கிவிட்டதால், முழு உடலை ஒரே இடத்தில் அடித்துத்தர ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் தனியாக ஒரு சேஸிஸ், அதன்மேல் தனித்தனித் துண்டுகளாகப் போல்ட் போட்டு மாட்டும் உடல் என்று வடிவமைத்தார்கள். உடலை வரைந்தவர் இத்தாலியின் ஜொவான்னி மிக்கலோத்தி. போல்டைக் கழற்றினால் மேல்பாகம் தனியாக வந்துவிடும். கீழே சக்கரம், ஸ்டியரிங், இன்ஜின் எல்லாம் பூட்டிய ஓர் எலும்புக்கூடு மிச்சமிருக்கும்.

பந்தயக் கார் கட்ட ஆசைப்படுபவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கம்பெனியே இந்த வேலையைத்தான் செய்தது. ஹெரால்டின் சேஸிஸைச் சற்றுக் குறுக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் உடல் வைத்து, 1962இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை விட்டார்கள். நம் ஊர் டாக்டர்களும் வக்கீல்களும் கோர்ட்டுக்கும் கிளினிக்குக்கும் போய்வந்த வண்டியின் அடியில் ஸ்பிட்ஃபயரின் உடன்பிறப்பு இருந்தது.

அந்தக் கணுக்கால் அதையும் தாண்டிப் போயிருக்கிறது. ஸ்டாண்டர்ட் டென், ஹெரால்டு வகை வண்டிகளுக்கு ஆல்ஃபோர்ட் அண்ட் ஆல்டர் என்ற நிறுவனம் செய்த இந்த அப்ரைட், எடை குறைவு, விலை குறைவு, நம்பகம் அதிகம். 1950களின் பிற்பகுதியில் லோட்டஸ் நிறுவனத்தின் கோலின் சாப்மன் தன் வண்டிகளின் முன்பக்கத்துக்கு இதை எடுத்துக்கொண்டார். பிராபம் கார்கள் எடுத்துக்கொண்டன. 1967இல் ஃபார்முலா ஃபோர்டு தொடங்கியபோது பல கட்டுநர்கள் இதைத்தான் மாட்டினார்கள். ஒரு குடும்பக் காரின் உதிரி பாகம், இருபது வருடம் பந்தய உலகத்தின் முன் சக்கரங்களைத் தாங்கியது. பெருங்களத்தூரில் அது இப்போது மின்சார பில்லைத் தாங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பெரியவருக்கு சாப்மன் பெயர் தெரியாது. அவர் சொன்னது வேறு. "எழுபத்தஞ்சு, எழுபத்தாறு வாக்குல மவுண்ட் ரோட்டுலேர்ந்து ஒருத்தர் வருவாரு. ஹெரால்டு சேஸிஸ், ஃபியட்டு இன்ஜின். ரெண்டையும் சேத்துக் குடுன்னு நிப்பாரு. எதுக்கு சார்னா, சோழவரத்துக்குன்னுவாரு."

சோழவரம் என்றால் இன்றைக்கு ஏரி ஞாபகம்தான் வரும். அல்லது சுங்கச்சாவடி. இரண்டாம் உலகப்போரின்போது அங்கே போட்ட விமான ஓடுபாதை, போருக்குப் பிறகு மோட்டார் பந்தயக் களமாக மாறியது. சென்னைக்கு வடக்கே, கல்கத்தா சாலையில், 'T' வடிவத்தில் கிடந்த சிமென்ட் தளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. 1980களின் கடைசிவரை வருடா வருடம் அங்கே கூட்டம் அலைமோதியது. ஆனால் சோழவரத்துக்கு முந்தைய ஓர் அத்தியாயம் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் இந்தப் பந்தயங்கள் நடந்த இடம் தாம்பரம் விமான ஓடுபாதை. சேலையூர், கேம்ப் ரோடு பக்கம் குடியிருப்பவர்கள் தினமும் தலைக்குமேல் பயிற்சி விமானங்களைக் கேட்பார்களே, அதே தளம். 1954இல் விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி அங்கே வந்து சேர்ந்தது. கார்கள் வடக்கே போய்விட்டன. தாம்பரத்தில் பந்தயம் நடந்தது என்று எங்கள் தெருவில் சொன்னால் ரேக்ளாவா என்று கேட்கிறார்கள்.

ஓடுபாதையில் ஏன் பந்தயம் வைத்தார்கள் என்பதற்குப் பெரிய காரணம் இல்லை. உலகம் முழுக்க அதுதான் நடந்தது. போர் முடிந்து, விமானங்கள் போய், நீண்ட தட்டையான தளங்கள் சும்மா கிடந்தன. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனே ஒரு போர்க்கால விமானத்தளம்தான். தளம் இருந்தது, ஓட்ட ஆட்கள் இருந்தார்கள். வண்டிக்கு எங்கே போவது?

1953இல் கட்டண ஆணையம் ஒரு முடிவைப் பரிந்துரைத்தது. வெளிநாட்டிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து பூட்ட மட்டும் செய்பவர்களுக்கு இனி இடமில்லை, படிப்படியாக இங்கேயே தயாரிக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. மிஞ்சியவை கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், மெட்ராஸில் ஸ்டாண்டர்ட். அடுத்த முப்பது வருடங்களுக்கு இந்தியர் ஒருவர் வாங்கக்கூடிய கார் என்றால் அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு. அதையும் பதிவுசெய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பந்தயக் காரை இறக்குமதி செய்வது ராஜ குடும்பங்களுக்கும் பெரும் தொழிலதிபர்களுக்கும் மட்டுமே கட்டுப்படியாகும். 80களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா சோழவரத்துக்கு ஒரு என்சைன் ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். மற்றவர்கள் வெட்டி ஒட்டினார்கள்.

அப்படிக் கட்டிய வண்டிக்கு பிரிட்டிஷ்காரர்கள் வைத்த பெயர் 'ஸ்பெஷல்'. இங்கேயும் அதே பெயர்தான். சொல்லில் ஒரு பெருமை இருந்தது, கொஞ்சம் கிண்டலும்.

நான் ஒன்றைக் கவனித்தேன். இந்திய ஸ்பெஷல்களைப் பற்றிப் பேசும்போது நாம் உடனே ஓர் இரக்கக் குரலுக்குப் போய்விடுகிறோம். பாவம், கிடைத்ததை வைத்துச் செய்தார்கள், என்ன செய்வது, ஏழை நாடு. எனக்கு இது எரிச்சலாக இருக்கிறது. ஏனென்றால் ஃபார்முலா ஒன்னின் முகத்தையே மாற்றிய வண்டியும் இப்படித்தான் பிறந்தது. 1946இல் லண்டனுக்குத் தென்மேற்கே சர்பிட்டனில் ஒரு சாதாரண கராஜ். சார்ல்ஸ் கூப்பர், அவர் மகன் ஜான். அடிபட்டுக் கிடந்த ஃபியட் டோபோலினோ ஒன்றின் முன்பாகத்தை வெட்டி எடுத்தார்கள். இன்னொரு டோபோலினோவின் முன்பாகத்தையும் எடுத்து, பின்பாகமாகத் திருப்பி வைத்து, இரண்டையும் சேர்த்து வெல்ட் செய்தார்கள். அதாவது அந்த வண்டிக்கு இரண்டு முன்பக்கங்கள், பின்பக்கமே கிடையாது. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஓடிய 500 சிசி ஜேஏபி இன்ஜினை எடுத்து, செயின் போட்டு ஓட்ட வசதியாக இருக்கும் என்று ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள்.

செயின் வசதிக்காகச் செய்த வேலை. அதிலிருந்து வளர்ந்த கூப்பர் கார்களில் ஜாக் பிராபம் 1959லும் 1960லும் உலகச் சாம்பியன் ஆனார். இன்ஜின் பின்னால் இருந்தால் நடுவே ஓடும் நீளமான டிரைவ் ஷாஃப்ட் தேவையில்லை, ஓட்டுநர் தாழ்ந்து உட்காரலாம், வண்டி மெலியும். சில வருடங்களில் ஃபெராரி உட்பட அத்தனை பேரும் இன்ஜினைப் பின்னால் கொண்டுபோய்விட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் முன்னால் கொண்டுவரவில்லை.

பம்பாய் டாக்ஸி இன்ஜினுக்கு வருவோம். 1958இல் இத்தாலியில் கவுன்ட் ஜொவான்னி லுராணி 'ஃபார்முலா ஜூனியர்' என்ற போட்டிவகைக்கு வழிவகுத்தார். பணக்காரர் அல்லாதவர்களும் ஒற்றை இருக்கைக் கார் ஓட்ட வேண்டும் என்பது நோக்கம். விதி எளிது. இன்ஜினின் அடிப்படைப் பாகங்களும் கியர்பாக்ஸ் கூடும் சாலையில் விற்கும் காரிலிருந்து வந்திருக்க வேண்டும். 1,000 சிசி வரை என்றால் வண்டி 360 கிலோவாவது இருக்க வேண்டும், 1,100 வரை என்றால் 400. ஆரம்ப வருடங்களில் இதில் கொடிகட்டிப் பறந்தது மோதேனாவின் ஸ்டாங்குவெல்லினி. அதன் இன்ஜின் ஃபியட் 1100, 1,089 சிசி. பிரீமியர் நிறுவனம் குர்லாவில் செய்த ஃபியட்டும், 1974இலிருந்து பத்மினி என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே வண்டியும், கடைசிவரை சுமந்தது அந்த 1,089 சிசியைத்தான். அம்பாசடரின் 1,489 சிசி பி-சீரிஸ் இன்ஜின்கூட எம்ஜிஏ என்ற அழகான ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். சோழவரத்தில் ஃபியட் இன்ஜினை ஹெரால்டு சேஸிஸில் உட்கார வைத்தவர், தெரிந்தோ தெரியாமலோ மோதேனாவையும் கோவென்ட்ரியையும் தாம்பரத்தில் சம்பந்தம் பேசி முடித்திருக்கிறார்.

சம்பந்தம் அவ்வளவு லேசாக முடியாது. பெரியவர் அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஐம்பது வருடப் பழைய எரிச்சல் அப்படியே தெரிந்தது.

"ஹெரால்டு இங்கிலீஷ்காரன். எல்லாம் இன்ச்சு. ஃபியட்டு மில்லிமீட்டரு. போல்ட்டு பாத்தா ஒண்ணாட்டம் இருக்கும். ரெண்டு சுத்து போகும், அப்புறம் இறுக்கும். தெரியாதவன் பலமா திருகிடுவான். மரை போயிடும். ஓட்டத்துல கழண்டா ஆளு காலி."

பிறகு கிளட்ச் கூண்டு. ஃபியட் இன்ஜினின் பின்முகத்தில் போல்ட் துளைகள் ஒரு வட்டத்தில், ஹெரால்டு கியர்பாக்ஸின் முகத்தில் வேறொரு வட்டத்தில். இரண்டுக்கும் நடுவே ஒரு தகடு வேண்டும். அரை இன்ச், முக்கால் இன்ச் கனம். அதில் இரு வட்டத்துத் துளைகளும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் போட வேண்டும். அதைவிடக் கஷ்டம் மையம். இன்ஜினின் கிராங்க் சுழலும் அச்சும் கியர்பாக்ஸ் தண்டின் அச்சும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். தலைமுடி கனம் விலகினாலும் சில மணி நேரத்தில் முன் பேரிங் போய்விடும், கிளட்ச் தகடு கிழியும். கம்ப்யூட்டர் இல்லை, சிஎன்சி இல்லை. கிராங்க் முனையில் டயல் கேஜைக் கட்டி, கையால் சுற்றி, கூண்டின் வாயை அளந்து, தகட்டைத் தட்டித் தட்டி நகர்த்தி, மையம் கிடைத்ததும் டவல் பின் அடித்து நிறுத்துவார்கள். "ஒரு தகட்டுக்கு ரெண்டு ராத்திரி" என்றார். எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். "பாஸ் குடுத்தாரு. சோழவரத்துக்கு."

அந்த வண்டி ஜெயித்ததா? அவருக்கு ஞாபகமில்லை. கியர்பாக்ஸ் தாங்கியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பந்தய வரலாற்றில் ஓட்டுநர்களின் பெயர் இருக்கிறது, கோப்பைகளின் பெயர் இருக்கிறது, ஸ்பான்சர் சிகரெட்டின் பெயர்கூட இருக்கிறது. தகடு கடைந்தவர்களின் பெயர் இல்லை. கராஜ் முதலாளியாகவும் அவர்களே இருந்ததால் கூப்பர் குடும்பம் தப்பித்தது. இங்கே வண்டிக்குச் சொந்தக்காரர் ஒருவர், கடைபவர் இன்னொருவர். நடுவே மவுண்ட் ரோட்டுக்கும் பெருங்களத்தூருக்கும் உள்ள தூரம்.

இந்த இடைவெளியைக் குறைத்த ஒருவரைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். மில் குடும்பத்துப் பிள்ளை, தானே ஓட்டுவார், தானே கட்டுவார். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அந்த 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின் நாற்பது குதிரைத்திறன்கூடத் தராது. பந்தயக்காரர்கள் சிரித்திருக்க வேண்டும். ஆனால் அது அதுவரை இந்தியச் சாலையில் இல்லாத ஒரு அமைப்பு. இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும் அதோடு ஒரே மூட்டையாக ஒட்டியிருக்கும். முன்சக்கரங்கள் இழுக்கும். இப்படிப்பட்ட மூட்டையை அப்படியே தூக்கிக் கொண்டுபோய் ஓட்டுநரின் பின்னால் வைத்தால் பின்சக்கர வண்டி தயார். தகடு வேண்டாம், மையம் பார்க்க வேண்டாம், இரண்டு ராத்திரி வேண்டாம். கூப்பர்கள் இரண்டாவது முன்பாகத்தைப் பின்னால் வைத்தார்களே, ஏறக்குறைய அதே தந்திரம்.

80களின் இறுதியில் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து, குழாய்ச் சட்டத்தில் ஒற்றை இருக்கைக் கார்களைக் கட்டினார். ஃபார்முலா மாருதி. ஒன்றிரண்டு அல்ல, ஒரே மாதிரி வண்டிகள், ஒரு வரிசை. எல்லோருக்கும் ஒரே குதிரைத்திறன் என்றால் வித்தியாசம் ஓட்டுகிறவனிடம்தான். உதிரி பாகம் எந்த மாருதி கடையிலும் கிடைக்கும். இதற்குள் சோழவரம் ஓய்ந்து, கிளப் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக நிலம் வாங்கி, 1990இல் புதிய தளத்தைத் திறந்திருந்தது. அந்தத் தளத்தில் ஒரு ஃபார்முலா மாருதியில் தன் முதல் பந்தயத்தை ஓட்டி மேடையேறிய பதினைந்து வயதுப் பையன் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஜோர்டன் அணிக்காக அவர் ஃபார்முலா ஒன்னில் ஓட்டியபோது நாடு கொண்டாடியது. கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவைக்கு வெளியே செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தளத்துக்கு அவர் பெயர்தான், காரி மோட்டார் ஸ்பீட்வே. என்னிடம் நடுவர் அந்தக் கேள்வியைக் கேட்ட இடமும் அதுதான். மாருதி ஹப்பை மாட்டிக்கொண்டு, கரிவரதன் பெயர் போட்ட வளைவுக்குக் கீழே, உங்களோடது எது என்ற கேள்விக்கு வாயடைத்து நின்றிருக்கிறேன்!

இதற்கு இணையாகத் தெருவில் ஒரு வரலாறு ஓடிக்கொண்டிருந்தது. வடசென்னையின் மீன்பாடி வண்டி. மீன் ஏற்றும் மூன்று சக்கர மிதிவண்டியில் கழித்துப்போட்ட ஸ்கூட்டர் இன்ஜினையோ பைக் இன்ஜினையோ கட்டி, கயிற்றை இழுத்து உசுப்பி, காசிமேட்டிலிருந்து பனிக்கட்டி உருகுவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேரும். பதிவெண் கிடையாது, பிரேக் இருக்கிறதா என்பது ஓட்டுபவருக்கும் முருகனுக்கும்தான் தெரியும். அதற்கும் மூலப்பொருள் புதுப்பேட்டைதான், சோழவரத்து ஸ்பெஷலுக்கும் புதுப்பேட்டைதான். ஒருவர் கட்டினால் மோட்டார் ஸ்போர்ட், இன்னொருவர் கட்டினால் போலீஸ் கேஸ். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. நான் சட்டத்தை எதிர்க்கவில்லை. மீன்பாடி வண்டிக்கு எதிரே பைக்கில் போயிருக்கிறேன்.

எங்கள் வண்டிக்குத் திரும்புகிறேன், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது.

மாணவர் போட்டியில் பிரேக் சோதனை என்று ஒன்று உண்டு. வண்டியை முடுக்கி, பிரேக்கை மிதித்தால் நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எங்களுக்கு முன் இரண்டும் பூட்டின. பின் இரண்டும் சாவகாசமாக உருண்டுகொண்டே போயின. நான்கு முறை முயன்றோம். காரணம் என்ன என்று எனக்குத் தெரியும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டர், இரண்டும் புதுப்பேட்டையில் வாங்கியவை, வெவ்வேறு பைக்கிலிருந்து. பின்பக்கத்தினுடைய உருளை விட்டம் ஒன்றரை மில்லிமீட்டர் பெரிது. விட்டம் பெரிதானால் அதே மிதிக்கு அழுத்தம் குறையும். மிதியின் பங்கைப் பின்னால் தள்ள வைத்திருந்த பேலன்ஸ் பாரை முழுக்கத் திருகியும் போதவில்லை. வாங்கிய அன்றே வெர்னியரில் அளந்திருந்தால் தெரிந்திருக்கும். அளக்கவேண்டியது என் பொறுப்பு. "ரெண்டும் பல்சர்துதான் தம்பி" என்று கடைக்காரர் சொன்னதும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பதினெட்டு பேரின் ஏழு மாதம், ஒன்றரை மில்லிமீட்டரில் முடிந்தது. எங்கள் வண்டி பந்தயத்தில் ஓடவே இல்லை. ரயிலில் திரும்பும்போது யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. இந்த ஊரிலேயே படித்து, இந்தப் பட்டறைகளுக்கு நடுவிலேயே வளர்ந்து, லேத் பெரியவர் அந்த அடாப்டரைக் கையில் கொடுத்தபோது சொன்ன ஒரே விஷயத்தை நான் காதில் வாங்கவில்லை: "எந்த வண்டிதுன்னு கேக்காத தம்பி. எவ்ளோ விட்டம்னு கேளு."

நடுவரின் கேள்விக்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, தாமதமாக. சார், அந்த ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு அலுமினிய வளையம் தெரிகிறதே, மாருதியின் 114.3 மில்லிமீட்டர் போல்ட் வட்டத்தை எங்கள் சக்கரத்துக்கு மாற்றித்தருகிற வளையம், அது எங்களுடையது. கடைந்தது பெருங்களத்தூரில். பூட்டாமல் போன அந்த இரண்டு பின்சக்கரங்களும் எங்களுடையதுதான்.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடந்தது. ஃபார்முலா 4. மழை பெய்து, ஆரம்பம் தள்ளிப்போய், விளக்கொளியில் ஈரச்சாலையில் வண்டிகள் போனபோது நானும் வேலிக்குப் பின்னால் நின்று கத்தினேன். பிரான்சின் மிகேல் நிறுவனம் செய்த சேஸிஸ், எல்லோருக்கும் ஒரே இன்ஜின், கார்பன் ஃபைபர். பாதுகாப்பு என்று பார்த்தால் பழைய ஸ்பெஷல்களை அவற்றின் பக்கத்தில் நிறுத்தவே முடியாது. சோழவரத்தில் வெறும் குழாய்க்கும் ஃபைபர் தகட்டுக்கும் நடுவே உட்கார்ந்து ஓட்டியவர்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது. ஏக்கப்பட எனக்கு அதில் ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் பட்டறைக்குப் போய், போனில் எடுத்த வீடியோவைப் பெரியவருக்குக் காட்டினேன். லேத்தை நிறுத்திவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை மூக்கருகே பிடித்துப் பார்த்தார். சத்தத்தைக் கூட்டச் சொன்னார். ஒரு வண்டி வளைவில் திரும்பும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். முன் சக்கரத்தின் உட்பக்கத்தை விரலால் பெரிதாக்க முயன்றார், படம் உடைந்து கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

"கணுக்கால் தெரியலையே."

"மூடியிருக்கும்."

"எதுல செஞ்சிருப்பான்?"

"அலுமினியமா இருக்கலாம்."

"ம்." போனைத் திருப்பிக் கொடுத்தார். மேசையில் ஹெரால்டு இரும்புக்குக் கீழே இருந்த பில்லை உருவி எடுத்து, பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ கணக்குப் போட்டார். பிறகு லேத்தைப் போட்டுவிட்டு, சத்தத்துக்கு மேலே கேட்டார்:

"அவனோட போல்ட்டு இன்ச்சா, மில்லிமீட்டரா?"